படிவத்தில் தொடங்கும் சிறை

(மனித உரிமை நாள் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இக்கருத்தரங்கிற்குத் தலைமை ஏற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, வரவேற்புரையையே ஒரு முழுச் சொற்பொழிவாக நிகழ்த்தி என் வேலையைப் பாதியாகக் குறைத்துவிட்ட தமிழ்த்துறைத் தலைவர் அவர்களே, முன்னிலை வகித்துச் சிறப்பிக்கும் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஐயா அவர்களே, வழக்கறிஞர் சங்கப் பொறுப்பாளர்களே, உணவு இடைவேளை தள்ளிப்போன பிறகும் இருக்கையை விட்டு எழாத மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். நீதிபதி ஐயா வீற்றிருக்கும் மேடையில் நான் சட்டம் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கும் கதைதான் என்றாலும், இன்றைய தலைப்பு சட்டத்தைத் தொடாமல் பேச விடாது.

சமய நம்பிக்கைக்காக அரசுகள் சிறையிட்ட மனிதர்களைப் பற்றி மூன்று செய்திகளைச் சொல்ல எண்ணி வந்தேன். எந்தச் சட்டத்தைக் கொண்டு சிறையிடுகிறார்கள் என்பது ஒன்று. சிறைக்குள் அவர்கள் எவ்வாறு வாழ்ந்தார்கள் என்பது இரண்டு. உலக நாடுகள் என்ன செய்தன என்பது மூன்று. உலகம் முழுவதையும் சுற்றாமல், ஈரானில் பிறந்த பஹாய் என்னும் சமயத்தை அந்நாட்டிலேயே பின்பற்றும் மக்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். டெல்லிக்குச் சுற்றுலா சென்ற உங்களில் பலர் தாமரைக் கோயிலைப் பார்த்திருப்பீர்கள். 1986-இல் திறக்கப்பட்ட அந்த பஹாய் வழிபாட்டு இல்லத்தை வடிவமைத்த ஃபரிபோர்ஸ் சாஹ்பா ஓர் ஈரானியர். நாம் செருப்பைக் கழற்றிவிட்டு அமைதியாக உள்ளே சென்று திரும்பும் அந்தச் சமயத்தை, அது பிறந்த மண்ணில் பின்பற்றுவோர் கைவிலங்கோடு நீதிமன்றத்திற்கு இழுத்துச் செல்லப்படுகிறார்கள்.

ஈரானிய அரசமைப்பின் 23-ஆம் பிரிவு, ஒரு நம்பிக்கையைக் கொண்டிருக்கிறார் என்பதற்காக மட்டும் எவரையும் துன்புறுத்தலாகாது என்கிறது. ஆனால், பத்துப் பிரிவுகள் முன்னதாக, 13-ஆம் பிரிவில், சொராஸ்திரியர், யூதர், கிறித்தவர் ஆகிய மூவர் மட்டுமே அங்கீகாரம் பெற்ற சமயச் சிறுபான்மையினர் என்று எழுதியிருக்கிறார்கள். முஸ்லிம் அல்லாத சிறுபான்மையினரில் எண்ணிக்கையில் மிகுந்த பஹாய்களுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. நம் முன்னோர் 'இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான்' என்றார்கள். குடிமகனின் சமயத்தைக் கேட்கவும் பட்டியலிடவும் அரசுக்கு ஓர் இடம் கொடுத்தால், அது பிடுங்கிக்கொண்டே போகும்.

1983 ஜூன் 18 அன்று ஷிராஸ் நகரில் பத்து பஹாய்ப் பெண்களைத் தூக்கிலிட்டார்கள். அவர்களில் இளையவரான மோனா மஹ்மூத்நிஜாதுக்கு வயது 17. குழந்தைகளுக்குச் சமய வகுப்பு எடுத்ததே அவர்மீது சுமத்தப்பட்ட பெருங்குற்றம். நம்பிக்கையைக் கைவிட்டால் உயிர் பிழைக்கலாம் என்று அப்பெண்களுக்குச் சொல்லப்பட்டது. பஹாய்களை இஸ்ரேலின் உளவாளிகள் என்று இன்றும் குற்றஞ்சாட்டுகிறார்களே, மதம் மாறினேன் என்று சொன்ன உளவாளியை எந்த நாடாவது விடுவித்ததுண்டா? பஹாய்களின் உலக மையம் இன்றைய இஸ்ரேலிலுள்ள ஹைஃபா நகரில் அமைந்ததற்கும் காரணம், சமய நிறுவனர் பஹாவுல்லாவை 1868-இல், அப்பகுதியை அன்று ஆண்ட ஒட்டோமான் அரசு, ஹைஃபாவுக்கு அருகிலுள்ள அக்கா என்னும் நகருக்குக் கைதியாக அனுப்பியதுதான். இஸ்ரேல் பிறந்ததோ அதற்கு எண்பது ஆண்டுகள் கழித்து.

ஈரானில் பஹாய் சமூகத்தின் அன்றாடத் தேவைகளைக் கவனித்துவந்த ஏழு பேரை 2008-இல் கைது செய்தார்கள். அவர்களுக்காக வாதாட முன்வந்தவர்களில் நோபல் பரிசு பெற்ற ஷிரின் எபாதியும் ஒருவர். 2010-இல் விதிக்கப்பட்ட 20 ஆண்டுத் தண்டனை பின்னர் பத்தாண்டாகக் குறைந்தது. எழுவரில் ஒருவரான ஆசிரியை மஹ்வாஷ் சாபெத், தலைநகர் தெஹ்ரானிலுள்ள எவின் சிறையில் கவிதை எழுதினார். இன்னொருவர் உளவியல் அறிஞர் ஃபரிபா கமாலாபாதி.

இந்த ஃபரிபாவைப் பற்றிய ஒரு நிகழ்ச்சியை, நேரம் ஆகிறது என்று தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்த்தாலும், சொல்லாமல் அமரமாட்டேன். ஈரானின் முன்னாள் அதிபர் ரஃப்சஞ்சானியின் மகள் ஃபாயிஸே ஹாஷெமி. நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். ஆட்சியின் உச்சியில் வளர்ந்த பெண். அரசுக்கு எதிராகப் பிரசாரம் செய்தார் என்று அவரையே 2012-இல் ஆறு மாதம் எவினில் அடைத்தார்கள். மகளிர் பகுதியில் யாரோடு? நம் ஃபரிபாவோடு! வெளியில் இருந்திருந்தால் ஒரு வாசற்படியைக்கூடப் பகிர்ந்திருக்க மாட்டாத இருவர், ஒரே கூரையின்கீழ் கைதிகளாக வாழ்ந்தார்கள். ஃபாயிஸே விடுதலையாகிப் போனார். எட்டாண்டுச் சிறைக்குப் பின், 2016 மே மாதத்தில், ஃபரிபாவுக்கு ஐந்து நாள் விடுப்பு கிடைத்தது. அந்த ஐந்து நாளுக்குள் ஃபாயிஸே அவர் வீடு தேடிப் போனார், படமும் வெளியானது. நாடே கொந்தளித்தது. மதகுருமார் கண்டித்தார்கள், பெற்ற தகப்பனே, மகள் செய்தது தவறு, திருத்திக்கொள்ள வேண்டும் என்றார். மகளோ வருந்தவில்லை என்று சொல்லிவிட்டார். ஷிரின் எபாதியும் முஸ்லிம், ஃபாயிஸேவும் முஸ்லிம். சிறையிடுவது அரசு, இதை ஒரு மதத்தின் தலையில் கட்டிக் கைதட்டல் வாங்க நான் வரவில்லை.

மஹ்வாஷ் 2017-இல் விடுதலையானார். 2022 ஜூலை 31 அன்று அவரையும் ஃபரிபாவையும் மீண்டும் பிடித்து, அதே ஆண்டு டிசம்பரில் மேலும் பத்தாண்டு விதித்தார்கள்.

சிறைக்கு வெளியே இருக்கும் பஹாய்கள் சுதந்திரமாக இருக்கிறார்களா என்று கேட்பீர்கள். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு எழுதிய பஹாய் மாணவர்களுக்கு, 'உங்கள் கோப்பு முழுமையாக இல்லை' என்ற ஒற்றை வரியே ஆண்டுதோறும் விடையாக வந்தது. 2020-இல் தேசிய அடையாள அட்டைப் படிவத்தில் 'பிற சமயம்' என்று இருந்த வாய்ப்பையும் நீக்கினார்கள். பொய் எழுதினால் அட்டை உண்டு. ஆனால் நம்பிக்கையை மறைத்துப் பொய் சொல்வது அவர்கள் நெறியன்று. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்பதை இதைவிட எப்படி விளக்குவது?

நான் ஊர் ஊராகப் பேசிவரும் கோரிக்கைக்கு இங்கேதான் வருகிறேன். பள்ளி மாற்றுச் சான்றிதழில் சாதி, மதம் குறிப்பிட விரும்பாதோர் அவ்விடத்தை வெற்றாக விடலாம் என்று தமிழ்நாடு அரசு 1973-லேயே ஆணையிட்டது. ஆணை இருக்கிறது, ஆனால் சில இணையப் படிவங்கள் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விடுவதில்லை. இடஒதுக்கீட்டுக்கான சான்று வேறு. அதில் நான் கை வைக்கவில்லை. தேவையற்ற இடங்களில் மதத்தைக் கட்டாயமாகக் கேட்பதை மட்டுமே எதிர்க்கிறேன். ஈரானில் நடப்பது இங்கு நடக்கிறது என்று நான் கூறவில்லை. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கும் வழக்கம் எந்த அரசுக்கும் பொது என்கிறேன்.

உலக நாடுகள் செய்ததைப் பற்றிய மூன்றாம் செய்தியை, பன்னாட்டுச் சட்டம் பயின்ற நீதிபதி ஐயா அவர்களின் நிறைவுரைக்கே விட்டுவிடுகிறேன். வாயிலருகே உள்ள மேசையில் இரண்டு மனுக்கள் உள்ளன. மஹ்வாஷ், ஃபரிபா மீதான தண்டனைகளை முற்றிலும் நீக்கக் கோரி டெல்லியிலுள்ள ஈரானியத் தூதரகத்துக்கு ஒன்று; படிவங்களில் மதக் கட்டத்தை விருப்பத்துக்கு விடக் கோரி நம் அரசுக்கு மற்றொன்று. படித்துப் பார்த்து, உடன்பட்டால் கையெழுத்திடுங்கள். மனுக்களில் மதம் கேட்கும் கட்டம் கிடையாது. நன்றி, வணக்கம்.