வில்லோடு வாடகை கட்டப் போனவன்

வணக்கம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு சூப்பர் ஹீரோக்களைப் பிடிக்காது. கொள்கை, கோபம் ஒன்றும் இல்லை, வெறும் சலிப்பு. சின்ன வயதில் படித்தவன்தான். முத்து காமிக்ஸ் 1972இல் போட்ட முதல் புத்தகமே இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துபோவான், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். அட்டை கிழிந்து, கடைசிப் பக்கம் காணாமல் போன நிலையிலும் விடாமல் படித்த கூட்டம் நாங்கள். அப்புறம் வளர்ந்தோம், கரண்ட் அடித்தால் நிஜமாக என்ன ஆகும் என்று தெரிந்துபோயிற்று. அமெரிக்கக் கதைகளில் பாதி ஊர் இடிந்து விழும், அடுத்த மாதம் அதே ஊர் பெயின்ட் அடித்த மாதிரி நிற்கும். செத்தவன் எழுந்து வந்துவிடுவான். அதில் ஒருத்தனாவது வீட்டு வாடகையை நினைத்துக் கவலைப்பட்டிருக்கிறானா?

இதைத்தான் அக்கா மகளிடம் ஒருநாள் நீட்டி முழக்கினேன். "மாமா, வாடகைதானே வேணும், இந்தாங்க" என்று ஒரு புத்தகத்தைக் கையில் திணித்தாள். ஹாக்ஐ. அவெஞ்சர்ஸ் படம் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தக் கூட்டத்தில் வில்லும் அம்புமாக ஓரமாக நிற்பானே, அவன்தான். மேட் ஃபிராக்‌ஷன் எழுதி, பெரும்பாலும் டேவிட் அஹா என்ற ஸ்பெயின்காரர் வரைந்து, 2012இல் மார்வெல் என்ற அமெரிக்க காமிக்ஸ் நிறுவனம் தொடங்கிய தொடர். 22 இதழ், 2015இல் முடிந்துவிட்டது. எனக்குப் பிடித்த முதல் விஷயமே அதுதான், முடிந்துவிட்டது.

கதை தொடங்கும்போதே ஆள் மாடியிலிருந்து விழுகிறான். பறக்கத் தெரியாது, உடம்பில் வெடிக்கிற சக்தி எதுவும் கிடையாது, அதனால் மனுஷன் விழுகிற மாதிரியே கார்மேல் விழுந்து, எலும்பு உடைந்து, ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வீடு திரும்புகிறான். நியூயார்க்கில் புரூக்ளின் பக்கம் ஒரு பழைய அடுக்குமாடி. அங்கே கட்டட உரிமையாளன் குடியிருப்பவர்களைத் துரத்துவதற்காக வாடகையைத் தாறுமாறாக ஏற்றி வைத்திருக்கிறான். வாடகை வீட்டில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மாதம் பிறந்ததும் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் வயிற்றைப் பிசையுமே, அது. நம் ஆள் என்ன செய்கிறான்? ஒரு பை நிறையப் பணத்தை எடுத்துக்கொண்டு எல்லார் வாடகையையும் தானே கட்டப் போகிறான். வாங்க மாட்டேன் என்கிறான் உரிமையாளன். கடைசியில் கட்டடத்தையே வாங்கும்படி ஆகிறது. உலகத்தைக் காப்பாற்றுகிற கதையை ஆயிரம் படித்திருக்கிறேன், பக்கத்து வீட்டுக்காரரைக் காப்பாற்றுகிற கதையை அன்றைக்குத்தான் படித்தேன்.

சரி, நாய்க்கு வருகிறேன். நாயைப் பற்றித்தான் முக்கியமாகப் பேச வந்தேன். அந்த உரிமையாளனின் ரவுடிகளிடம் நாய் ஒன்று இருந்தது. இவன் அதற்கு பீட்சா போட்டான், அது இவனுக்காகக் கடித்தது, அவர்கள் அதை ஓடுகிற வண்டிக்கு முன்னால் தள்ளினார்கள், இவன் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினான். அதிலிருந்து அது இவன் நாய். பெயர் லக்கி. பதினோராவது இதழ் முழுக்க அந்த நாய் பார்க்கிற உலகம். முழுக்க என்றால் முழுக்க, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை. மொட்டை மாடியில் ஒரு கொலை, துப்பறிவது நாய்.

இதை வானொலியில் எப்படிக் காட்டுவது? எங்கள் தெரு டீக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் நாலு பேர் நின்று அரசியல் பேசுகிறார்கள், குரல் உயர்கிறது, கை ஓங்குகிறது, ஆட்சியே கவிழ்ந்துவிடும் போலிருக்கிறது. கீழே மணி உட்கார்ந்திருக்கிறது, மணி என்பது நாய். அதன் காதில் விழுவது வெறும் வளவள, வளவள, வளவள, "பிஸ்கட்", வளவள. அப்போது மட்டும் காது நிமிரும். அஹா அதைத்தான் வரைந்திருக்கிறார். மனிதர்கள் பேசும் வசன பலூன் எல்லாம் கிறுக்கல், நாய்க்குத் தெரிந்த ஒன்றிரண்டு சொல் மட்டும் தெளிவாகப் படிக்கலாம். ஒருவர் வந்தால் அவர் முகத்தைச் சுற்றி, அவர்மேல் அடிக்கிற வாசனைகள் சின்னச் சின்னப் படமாக நிற்கும். அதுதான் நாய் போடுகிற முகவரி. முதல் தடவை எனக்கு ஒன்றும் புரியவில்லை, இரண்டாம் தடவை மூக்கால் படித்தேன். 2014இல் சிறந்த தனி இதழுக்கான ஐஸ்னர் விருது, காமிக்ஸ் உலகத்தின் பெரிய விருது, இதற்குத்தான். எங்கள் மணிக்கு நான் என்ன வாசனையோ, பழைய பேப்பராக இருக்கும். வீட்டில் அப்படித்தான் சொல்கிறார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரல் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தானாம். நாயே நேரத்தைத் தின்றுவிட்டது. பத்தொன்பதாவது இதழைச் சொல்ல வேண்டும் என்றுதான் குறிப்பே எழுதி வந்தேன். அதில் அவனுக்குக் காது கேட்காமல் போய்விடுகிறது. பல வசன பலூன்கள் காலி, உள்ளே ஒரு எழுத்து இல்லை. அவனும் அவன் அண்ணனும் சைகை மொழியில் பேசுவது கைகளாகவே வரைந்திருக்கும், அதற்கு மொழிபெயர்ப்பு போடவில்லை. தெரியாதவன் தவிக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

என் அம்மாவுக்குக் காது கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார். நாங்கள் சாப்பிட உட்கார்ந்ததும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசிச் சிரிப்போம், அம்மாவும் குழம்புக் கரண்டியோடு நின்று எங்களோடு சேர்ந்து சிரித்துவைப்பார். எதற்கு என்று தெரியாமலே. அந்தக் காலிப் பலூன்களைப் பார்த்தபோது எனக்கு... சிவப்பு விளக்கு போட்டுவிட்டார்கள். வணக்கம்.