உதிர்ந்த இலை

நேயர்களுக்கு வணக்கம்.

வசந்த காலத்தையும் மறுபிறப்புக் கதைகளையும் பற்றிப் பேச முடியுமா என்று வானொலி நிலையத்திலிருந்து கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நம் குமரி மாவட்டத்தில் வசந்தம் எங்கே இருக்கிறது? ஆனி, ஆடியில் ஒரு மழை. ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு மழை. மிச்சமெல்லாம் வெயில். சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று பள்ளிக்கூடத்தில் நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். சித்திரை மாதம் மத்தியானம் இரண்டு மணிக்கு வடசேரி பேருந்து நிலையத்தில் நின்றவர்கள் அதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆனால் குலசேகரம், அருமனை, கீரிப்பாறைப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வசந்தம் உண்டு. ரப்பர் மரம் கொண்டு வந்த வசந்தம் அது. அமேசான் காட்டு மரம். 1876-இல் விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து அதன் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு போனார். பிறகு ஆசியாவுக்கு வந்து, நம் மலையடிவாரத்திலும் வேர் பிடித்துக்கொண்டது. ஊர் மாறினாலும் பழக்கத்தை விடவில்லை. மார்கழி, தையில் இலை பழுத்துச் சிவந்து கொட்டும். விளைக்குள், அதாவது தோட்டத்துக்குள், கால் வைத்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். மாசியில் செம்பு நிறத்தில் தளிர் விடும். அதுவரை பால் வெட்டு கிடையாது.

என் அப்பா பால்வெட்டுக்காரர். வெட்டு நின்றால் எங்கள் வீட்டில் அடுப்பும் கொஞ்சம் தணிந்துதான் எரியும். சேர்த்து வைத்த ஒட்டுப்பாலை, அதாவது உறைந்துபோன ரப்பர் பாலை, விற்ற காசு பத்து நாள் தாங்கும். தளிர் வருகிற சமயத்தில் தேன்காரர்கள் பெட்டிகளைக் கொண்டு வந்து விளைக்குள் வைப்பார்கள். மார்த்தாண்டத்தில் 1920களில் ஒய்.எம்.சி.ஏ.யின் கிராம சீரமைப்பு வேலையை ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திய காலத்திலேயே இந்தப் பக்கம் தேனீ வளர்ப்பு வந்துவிட்டது. ரப்பர் தேன் பூவிலிருந்து வருவது என்று பலர் நினைக்கிறார்கள். பூவுக்கு அதில் வேலை இல்லை. ஒரு காம்பில் மூன்று இலை சேருகிற இடத்தில் சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. இளந்தளிராக இருக்கும்போது அவற்றில் தேன் துளிர்க்கும். நாங்கள் தளிரைப் பறித்து நக்கிப் பார்த்திருக்கிறோம். பெரிய இனிப்பெல்லாம் இல்லை.

அந்த வயதில் ஒரு நாள் பாட்டியிடம் கேட்டேன், “இலையெல்லாம் போச்சே, திரும்பி வருமா?” பாட்டி சருகு வாரிக்கொண்டிருந்தாள். அந்த வருடம்தான் என் சித்தப்பா காய்ச்சலில் இறந்திருந்தார். அவளுக்குக் கடைசி மகன். நிமிராமலே சொன்னாள்: “இலை வரும் மக்கா. உதிர்ந்த இலையா வரும்?”

பல வருடம் கழித்து, ஆசிரியர் வேலைக்கு வந்தபின், ஜேம்ஸ் பிரேசரைப் படித்தேன். ஸ்காட்லாந்துக்காரர். 1890-இல் தொடங்கிப் பல பாகங்களாக உலகத்துச் சடங்குகளையும் கதைகளையும் தொகுத்தவர். எகிப்தின் ஒசிரிஸ், சிரியாவின் அடோனிஸ், பாபிலோனின் தம்மூஸ் எல்லாரும் பயிர்தான், செடிகொடிதான் என்பது அவர் கட்சி. வருடா வருடம் வாடித் துளிர்க்கிற பச்சையைப் பார்த்த மனிதன், இறந்து எழுகிற கடவுளைக் கற்பனை செய்தான் என்றார். கிரேக்கரின் பெர்செபோனி கதையும் அப்படித்தான். தானிய தெய்வத்தின் மகளைப் பாதாள ராஜா தூக்கிப் போகிறான். அவள் அங்கே மாதுளை விதையைத் தின்றுவிடுகிறாள். அதனால் வருடத்தில் ஒரு பகுதி அவள் அங்கேதான் இருந்தாக வேண்டும். அவள் மேலே வந்தால் பூமி பச்சை.

படித்தபோது எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்ட மாதிரி இருந்தது. பின்னால் வந்த ஆய்வாளர்கள் இவர்களையெல்லாம் ஒரே பையில் போட்டது சரியில்லை என்று சொல்லிவிட்டார்கள். தம்மூஸுக்காகப் பெண்கள் ஒப்பாரி வைத்தது ஜூன், ஜூலை வாக்கில், பச்சை கருகுகிற கோடையில். பைபிளில் எசேக்கியேல் புத்தகத்திலேயே அந்த அழுகை வருகிறது. அது சரி, பண்டிதர்கள் சண்டை அவர்களோடு. என்னை உறுத்தியது பாட்டியின் கேள்வி.

மரம் துளிர்க்கும் என்பதை நம்ப வேண்டியதில்லை. அது தெரியும். மாசியில் துளிர்க்கும், தேன்காரர் வருவார், அப்பா மறுபடி கத்தியைத் தீட்டுவார். அதற்கு விரதம் எதற்கு, விளக்கு எதற்கு? பாட்டிக்கு வேறொரு மகன் தேவைப்படவில்லை. உதிர்ந்த அந்த மகன்தான் வேண்டும். மண்ணோடு வாழ்கிறவர்களுக்கு இலைக்கும் பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியாமல் போய், அதிலிருந்து கடவுளைச் செய்தார்கள் என்று சொன்னால் நான் ஏற்க மாட்டேன். எனக்குத் தோன்றுவது இதுதான்: மரம் எந்த இடத்தில் கையை விரிக்கிறதோ, அங்கேதான் மத நம்பிக்கை ஆரம்பமாகிறது.

நம் புராணத்தில் ரதி இதைத்தான் கேட்கிறாள். காமனுக்கு வசந்தன் கூட்டாளி. ஆகவே வசந்தம் அதுபாட்டுக்கு வரும், போகும். சிவன் எரித்த காமனைத்தான் அவள் கேட்கிறாள். கிடைக்கிறான், ஆனால் உடம்பில்லாமல். அனங்கன். அவள் ஒருத்தி கண்ணுக்கு மட்டும் தெரிகிறான். கதை கட்டியவருக்கு விதவையின் மனசு தெரிந்திருக்கிறது.

யோவான் எழுதிய சுவிசேஷத்திலும் ஒரு தோட்டம் வருகிறது. கல்லறை காலியாக இருக்கிறது. மகதலேனா மரியாள் அழுதுகொண்டு நிற்கிறாள். எதிரே வந்தவரைத் தோட்டக்காரர் என்று நினைக்கிறாள். பிரேசர் கட்சிப்படி பார்த்தால் அவள் நினைத்தது சரிதான், துளிர்க்க வைக்கிறவர் தோட்டக்காரர்தானே. ஆனால் அவள் தோட்டத்தைத் தேடி வரவில்லை. “மரியாளே” என்று பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் ஆளைத் தெரிகிறது.

திரும்பி வருகிறவர் அதே ஆளாக இருக்க வேண்டும் என்பது ஒரு பக்கம். பழைய ஆளாகவே வந்து என்ன பிரயோஜனம் என்று கேட்கிற கதை ஒன்று நம் மண்ணிலேயே இருக்கிறது. ஐயா வைகுண்டர் கோவில் இருக்கிற சாமிதோப்பு. நோயில் கிடந்த முத்துக்குட்டியைத் திருச்செந்தூருக்குக் கொண்டு போகிறார்கள். அவர் கடலுக்குள் இறங்கி மறைகிறார். மூன்றாம் நாள், கொல்லம் ஆண்டு 1008 மாசி 20, அதாவது 1833-இல், வைகுண்டராக எழுந்து வருகிறார் என்பது அவரை வழிபடுகிற ஐயாவழிக்காரர்களின் மரபு. கரையில் காத்திருந்த தாய் ஓடி வருகிறாள். இனி நான் உன் மகன் இல்லை, நாராயணர் மகன் என்கிறார். இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் அந்தத் தாயை நினைத்துச் சங்கடமாக இருக்கும். ஆனால் ஊர் இருந்த நிலையையும் பார்க்க வேண்டும். தலைக்கு வரி. பனைக்கு வரி. ஒடுக்கப்பட்ட சாதி ஆண் தலைப்பாகை கட்டக் கூடாது, பெண் மேல்சீலை போடக் கூடாது. மேல்சீலைக்குத் திருவிதாங்கூர் அரசு இறங்கி வந்ததே 1859-இல்தான், அதுவும் அரைமனதோடு. அந்தக் காலத்தில் தலைப்பாகை கட்டிக்கொண்டு கும்பிடு என்று ஒருவர் சொல்கிறார். இன்றும் சாமிதோப்பில் ஆண்கள் தலைப்பாகையோடுதான் நிற்கிறார்கள். பள்ளியறையில் இருப்பது கண்ணாடி. குனிந்தே பழகியவன் நிமிர்ந்து தன் முகத்தைப் பார்க்கிறான். இதை எந்த மரத்தைக் காட்டி விளக்குவது?

கடைசியாக ஒரு சங்கதி. சொல்லலாமா என்று யோசித்தேன், சம்பந்தப்பட்டவளிடம் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டுதான் சொல்கிறேன். முத்துக்குட்டியைத் திருப்பித் தந்த கடல் எல்லாரையும் தருவதில்லை. 2017 நவம்பர் 30, ஓகி புயல். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று அந்தக் கரையில் எத்தனையோ வீடுகளில் போனவர்களின் உடல்கூட வரவில்லை. என்னிடம் படித்த ஒருத்தியின் கணவரும் அதில் ஒருவர்.

ஈஸ்டருக்கு முந்தின இரவு கோவிலில் விளக்கையெல்லாம் அணைத்துவிடுவார்கள். வெளியே புது நெருப்பு மூட்டி, அதிலிருந்து பாஸ்கா திரி என்கிற பெரிய மெழுகுதிரியை ஏற்றி, ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு வெளிச்சம் போகும். அவள் இரண்டு மெழுகுதிரி வாங்குவாளாம். ஒன்றைக் கொளுத்துவாள். மற்றதை அப்படியே வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுவாள்.

“அதை ஏம்மா கொளுத்தல?” என்று கேட்டேன்.

“அது அவருக்குள்ளது ஸார். அவரு வந்து கொளுத்தட்டும்” என்றாள்.

இதுவரை எத்தனை திரி சேர்ந்திருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

வணக்கம்.