மதுரை மாடியறையும் ஓர் இரவல் புத்தகமும்

அன்பர்களே, “உங்கள் வாழ்க்கையை மாற்றிய புத்தகம் எது?” என்று மேடைக்கு மேடை கேட்கிறார்கள். நாமும் கூசாமல் ஒரு பட்டியல் சொல்லிவிடுகிறோம். எனக்கு அந்தக் கேள்வியிலேயே கொஞ்சம் சந்தேகம் உண்டு. புத்தகம் ஏக்கத்தை மூட்டும், சரி. அப்புறம் நடப்பதையும் அதன் கணக்கிலேயே எழுதிவிடலாமா?

1895-ஆம் ஆண்டு. மதுரையில் சித்தப்பா வீட்டில் தங்கிப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வேங்கடராமன் என்ற பையனின் (பின்னாளில் ரமண மகரிஷி) கையில் அறுபத்துமூன்று நாயன்மார்களின் கதையான பெரியபுராணம் அகப்பட்டது. சித்தப்பா யாரிடமோ இரவல் வாங்கி வைத்திருந்த பிரதி. பந்தாட்டத்திலும் குஸ்தியிலும் மனம் போன பையன் அவன். கண்ணப்பர் கண்ணைத் தோண்டி அப்பிய கதையை எல்லாம் படித்து உருகிப்போனான். இப்படியும் ஓர் அன்பு உண்டா என்று வியந்தான். பிறகு? பழையபடி பள்ளிக்கூடம், விளையாட்டு. கதை சொல்கிறவர்கள் இந்த இடத்தைத்தான் விழுங்கிவிடுகிறார்கள்.

1896 ஜூலையில், மாடியறையில் தனியாக இருந்தபோது, நோய் நொடி எதுவும் இல்லாமலே மரணபயம் அவனைப் பிடித்தது. யாரையும் கூப்பிடவில்லை. கைகால்களை விறைப்பாக நீட்டிப் படுத்து, உதட்டை இறுக மூடிக்கொண்டு, செத்துப்போவது எது என்று உள்ளே பார்த்தான். அந்த நேரத்தில் எந்தப் புத்தகமும் துணைக்கு வரவில்லை. ஆனால் அதன்பின் மீனாட்சியம்மன் கோயிலில் அறுபத்துமூவர் முன்னால் போய் நின்று, அவர்களுடைய பக்தி தனக்கும் வேண்டுமே என்று கண்ணீர் விட்டான். படித்தது அங்கேதான் பலித்தது என்பேன்.

அடுத்த மாதக் கடைசியில் வீட்டை விட்டுக் கிளம்பினான். எழுதி வைத்துவிட்டுப் போன சீட்டைப் பாருங்கள். ‘நான்’ என்று தொடங்குகிறது. இரண்டாவது வாக்கியத்திலேயே அந்த ‘நான்’ ‘இது’ ஆகிவிடுகிறது. கடைசியில் கையெழுத்தே இல்லை, வெறும் கோடு. அண்ணனின் காலேஜ் சம்பளம் இன்னும் கட்டவில்லை, மிச்சம் இரண்டு ரூபாய் இதோடு இருக்கிறது என்ற தகவல் மட்டும் மறக்காமல் எழுதப்பட்டிருக்கிறது!

செப்டம்பர் 1-ஆம் தேதி திருவண்ணாமலை. வேதாந்த நூல்களை அவர் படித்தது இதற்கெல்லாம் பிறகு. அதுவும் தனக்காக அல்ல. கூட இருந்த பழனிசாமி மலையாளி. இரவல் வாங்கி வந்த தமிழ் நூல்களை எழுத்துக்கூட்டித் திணறுவார். பார்க்கப் பொறுக்காமல் இவர் வாங்கிப் படித்துச் சாரத்தைச் சொன்னார். தமக்கு முன்பே நேர்ந்ததற்கு நூல்களில் பெயர்கள் இருப்பதை அப்போதுதான் கண்டார்.

சிவப்பிரகாசம் பிள்ளை என்ற அன்பர் கேட்ட கேள்விகளுக்கு மௌனமாக எழுதிக் காட்டிய விடைகள் 1923-இல் ‘நான் யார்?’ என்ற சிறு நூலாக வந்தன. மனத்தை அடக்குவதே நூல்களின் முடிவு என்று தெரிந்தபின் அளவில்லாமல் படிப்பதால் பயனில்லை என்று அந்த நூலே சொல்கிறது. அதைப் புத்தகக் கடையில் வாங்குகிறோம் என்பது நல்ல வேடிக்கை.

அப்படிச் சொன்னவர் புத்தகங்களை ஒதுக்கினாரா என்றால் அதுவும் இல்லை. அச்சுப்படி திருத்தினார், கிழிந்தவற்றைத் தாமே பைண்டு செய்தார். ஆசிரமச் சமையற்கட்டில் இருந்த ஓர் அம்மாளிடம் ரிபு கீதை என்ற வேதாந்த நூலைக் கொடுத்தார். எனக்கு இது புரியாதே என்றார் அந்த அம்மாள். புரியாவிட்டால் பரவாயில்லை, படி என்றார் பகவான் ரமணர்.