தண்ணீரைப் பற்றிய மூன்று நாவல்கள்

வணக்கம் நண்பர்களே. எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் தன்னார்வலராக நூல்களை அடுக்கி வைப்பதால், இரவலுக்குப் போகாமல் அலமாரியிலேயே தங்கிவிடும் நாவல்கள் எவை என்பது எனக்குத் தெரிந்துவிடுகிறது. அவற்றுள் மூன்றை எடுத்து அண்மையில் அடுத்தடுத்துப் படித்தேன். மூன்றிலும் தண்ணீரே கதையை நடத்துகிறது. யார் அதைச் சுமக்கிறார், யார் மடையைத் திறக்கிறார் என்று காட்டும் பக்கங்களில்தான் இந்த நாவல்கள் வலுவாக இருக்கின்றன என்பது என் கருத்து.

முதலாவது, 1973இல் வெளிவந்த அசோகமித்திரனின் 'தண்ணீர்'. தடித்த வரலாற்று நாவல்களுக்கு நடுவே இதன் மெல்லிய முதுகு கண்ணில் படுவதே இல்லை. சென்னைத் தெரு ஒன்றில் குடத்தோடு அலையும் பெண்கள், அடித்தாலும் நீர் வராத பம்புகள், குழாய்க்காக மாநகராட்சி தோண்டிப் போட்ட பள்ளங்கள் ஆகியவற்றுக்கு இடையே, சினிமா வாய்ப்பை நம்பி ஒருவனால் ஏமாற்றப்பட்ட ஜமுனாவும் அவளுடைய தங்கை சாயாவும் வாழ்கிறார்கள். சாகத் துணிந்த ஜமுனாவிடம் டீச்சரம்மா தன் வாழ்க்கையைச் சொல்லும் பகுதியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். தன்னைவிட மிக மூத்தவரான நோயாளிக் கணவரோடும் கடுமையான மாமியாரோடும் காலம் தள்ளும் அந்தப் பெண், ஆறுதல் வார்த்தை எதையும் தேடாமல், நடந்ததை நடந்தபடி சொல்கிறாள். ஜமுனா மறுபடியும் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்குவதற்கு எந்த விளக்கமும் தரப்படவில்லை. தண்ணீர் பிடித்தாக வேண்டும் என்பதே அவளை நகர்த்துகிறது. வறுமையையும் அவமானத்தையும் எழுதும்போது குரலை உயர்த்தாமல் இருப்பதற்கு மிகுந்த துணிச்சல் வேண்டும், அது இந்த நாவலில் இருக்கிறது.

சோ. தர்மனின் 'சூல்' இதற்கு நேர்மாறானது. 2016இல் வெளிவந்து 2019ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்ற இந்நாவல், உருளைக்குடி கிராமத்தின் பாசன ஏரியான கண்மாயைச் சுற்றித் தலைமுறை தலைமுறையாகப் பரவுகிறது. கோடையில் ஊரே கூடிக் கண்மாயில் படிந்த வண்டலான கரம்பையை எடுப்பதும், வயல்களுக்கு நீர் திறந்துவிடும் பொறுப்பாளரான நீர்ப்பாய்ச்சி மடையைக் காப்பதும், மீனும் மரமும் பறவையும் கண்மாயோடு பிணைந்திருப்பதும் வாய்மொழிக் கதைகளுக்கே உரிய நிதானத்தோடு சொல்லப்படுகின்றன. ஒரே கதாநாயகனைத் தேடுகிறவர்களுக்கு முதலில் திணறலாக இருக்கும். கண்மாயையே கதாநாயகனாகக் கொண்டால் வழி தெரிந்துவிடும். விடுதலைக்குப் பின் கண்மாய் ஊரார் கையைவிட்டு அரசு அலுவலகத்தின் கைக்குப் போகும் பகுதிகளில் மட்டும் ஆசிரியரின் கோபம் நேரடியாகப் பேசிவிடுகிறது. அந்தக் கோபம் நியாயமானது என்றாலும், கரம்பை எடுக்கும் காட்சியே அதைவிட ஆழமாக என்னைக் கலங்க வைத்தது.

மூன்றாவது, ராஜம் கிருஷ்ணன் 1979இல் எழுதிய 'கரிப்பு மணிகள்'. தூத்துக்குடி உப்பளத்துக்கு வேலைக்கு வரும் பொன்னாச்சியையும் அவளுடைய தம்பி பச்சையையும் பின்தொடரும் இந்நாவலில், கடல்நீர் பாத்தியில் காய்ந்து மணியாகும் ஒவ்வொரு கட்டமும், அந்த உப்பு வாருவோரின் காலையும் கண்ணையும் என்ன செய்கிறது என்பதும் தெரிகின்றன. களத்துக்கே சென்று மக்களோடு பேசி எழுதியவர் அவர் என்பதை ஒவ்வொரு பக்கமும் காட்டுகிறது. சில உரையாடல்கள் தொழிற்சங்க மேடைப் பேச்சுபோல நீண்டுவிடுகின்றன, அங்கே பொன்னாச்சி சற்றே மறைந்துபோகிறாள். ஆனால் அளத்துக்குள் ஒரு பெண்ணின் உடலுக்குப் பாதுகாப்பு இல்லாத நிலையை இவ்வளவு நேர்மையாக, அதுவும் அந்தக் காலத்தில், எழுதியதற்காக அவர்மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு.

ராஜம் கிருஷ்ணனின் நூல்கள் 2009இல் நாட்டுடைமையாக்கப்பட்டுவிட்டன. ஆகவே உங்கள் நூலகத்தில் 'கரிப்பு மணிகள்' இல்லையென்றால் இணையத்திலேயே கட்டணமின்றிப் படிக்கலாம். மற்ற இரண்டும் அலமாரியில் இல்லையென்றால் வாங்கித் தரும்படி நூலகரிடம் எழுதிக் கொடுங்கள்.