சளி பிடித்திருக்கும்போது வெளியே ஓடலாமா?

நேயர்களுக்கு வணக்கம்.

மூக்கு ஒழுகுகிறது, தும்மல் விடாமல் வருகிறது, தலை கொஞ்சம் பாரமாக இருக்கிறது. தினமும் போகிற நடையோ ஓட்டமோ இன்றைக்கு வேண்டுமா, வேண்டாமா? கேட்டால் இரண்டு பதில்கள் உடனே வரும். "வெளிக்காற்றே படக்கூடாது, போர்த்திக்கொண்டு படு" என்பார் ஒருவர். "நன்றாக வியர்க்க ஓடு, சளி இறங்கிவிடும்" என்பார் இன்னொருவர். இரண்டுமே தவறு. இரண்டாவது சில நேரம் ஆபத்தும்கூட.

சளியைக் கொடுப்பது வைரஸ். 200-க்கும் மேற்பட்ட வைரஸ்கள் இதைச் செய்கின்றன. அவற்றில் ரைனோவைரஸ் வகைகளுக்குத்தான் பெரும்பங்கு. கிருமி மூக்கில் ஏறி 1 முதல் 3 நாளில் அறிகுறி தெரியும், அடுத்த இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும், 7 முதல் 10 நாளில் அடங்கும். இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் இழுக்கலாம். வியர்வை வழியாக வைரஸ் வெளியேறுவதில்லை. ஆகவே வியர்க்க ஓடிச் சளியை விரட்ட முடியாது.

அதே நேரம், மிதமான பயிற்சி சாதாரணச் சளியை மோசமாக்குவதும் இல்லை. இதை 1990-களில் அமெரிக்காவின் பால் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தாமஸ் வைட்னர் குழுவினர் நேரடியாகவே சோதித்தார்கள். ஆரோக்கியமான இளைஞர்களின் மூக்கில் ரைனோவைரஸைச் செலுத்தி, ஒரு பிரிவினரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் 40 நிமிடம் பயிற்சி செய்ய வைத்தார்கள். மற்றவர்கள் பயிற்சியே செய்யவில்லை. சளியின் கடுமையிலும், அது நீடித்த நாள்களிலும் இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆனால் அவர்கள் இளைஞர்கள், வேறு நோய் இல்லாதவர்கள், வந்தது மூக்கோடு நிற்கும் சளி, செய்தது மிதமான பயிற்சி. இந்த நான்கும் நமக்குப் பொருந்தினால்தான் அந்த முடிவும் பொருந்தும்.

அதனால் கதவைத் திறக்கும் முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது கழுத்து. மூக்கொழுகல், மூக்கடைப்பு, தும்மல், லேசான தொண்டைக் கரகரப்பு, இவை கழுத்துக்கு மேலே இருப்பவை. இவை மட்டும் என்றால் மெதுவாக நடக்கலாம். நெஞ்சில் சளி கட்டுவது, கோழையோடு இருமல், மூச்சில் விசில் சத்தம், உடம்பு வலி, வயிற்றுப்போக்கு, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்று பயிற்சி கிடையாது.

இரண்டாவது தெர்மாமீட்டர். நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது போதாது. 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் காய்ச்சல். அளவு அதற்குச் சற்றுக் கீழே நின்று குளிர் நடுக்கம் இருந்தாலும் படுக்கைதான், ஏனென்றால் சூடு இன்னும் ஏறிக்கொண்டிருக்கலாம். மாத்திரை போடுவதற்கு முன் அளக்க வேண்டும். பாராசிட்டமால் நான்கு முதல் ஆறு மணி நேரம் காய்ச்சலை மறைத்துவைக்கும். மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்தில் "இப்போது பரவாயில்லை" என்று ஷூவை மாட்டுவதுதான் நான் மிகவும் அஞ்சும் தவறு.

மூன்றாவது நாடி. காலையில் படுக்கையை விட்டு எழும் முன், மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். வழக்கமான எண்ணிக்கை தெரிந்திருந்தால், அதைவிட 10 கூடியிருக்கும் நாளில் ஓய்வு எடுங்கள். உடம்பின் சூடு ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் நாடித்துடிப்பு சுமார் 10 கூடும். காய்ச்சலில் படுத்திருக்கும்போதே இதயம் கூடுதல் வேலை செய்கிறது என்பதற்கு இதுவே சாட்சி. அதன் மேல் ஓட்டத்தையும் ஏற்றக்கூடாது.

காய்ச்சலைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இதயத் தசை. இன்ஃபுளுயன்சா, காக்ஸாக்கி, அடினோ போன்ற சில வைரஸ்கள் இதயத் தசையையும் தாக்கி வீக்கம் உண்டாக்கலாம். மயோகார்டைட்டிஸ் என்கிறோம். எல்லோருக்கும் வருவதில்லை, அரிதுதான். ஆனால் அந்த வீக்கத்தோடு கடினமாக உழைத்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்தாகலாம். முதல் நாளில் வெறும் சளி எது, ஃப்ளூ எது என்று பிரித்துச் சொல்வது கடினம். உடம்பு வலியும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் ஓய்வு எடுங்கள் என்பது அதனால்தான். நெஞ்சுவலி, காரணமில்லாத படபடப்பு, மாடி ஏறினாலே மூச்சு வாங்குவது, மயக்கம், இவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சரி, மூன்றும் நன்றாக இருக்கிறது, வெளியே போகலாம் என்று முடிவாயிற்று. இனி கவனிக்க வேண்டியது மூக்கை.

மூக்கின் உள்ளே பக்கச் சுவர்களில் மடிப்பு மடிப்பாக ரத்தம் நிறைந்த சதை இருக்கிறது. வெளியிலிருந்து வரும் காற்று அந்த மடிப்புகளில் உரசிக்கொண்டு போகும்போதே சூடேறி, ஈரமேறி, தூசி நீங்கித் தொண்டைக்குப் போகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றுதான் வேண்டும். மூக்கு தனியாகவே சமாளிக்கும். ஓடத் தொடங்கித் தேவை 35, 40 லிட்டரைத் தொடும்போது பெரும்பாலோருக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும். சளி பிடித்த மூக்கில் அந்தச் சதை வீங்கி வழியை அடைத்திருப்பதால், சாதாரண நடையிலேயே வாய் திறந்துவிடுகிறது. வாய் வழியே போகும் காற்று அவ்வளவு பக்குவப்படுவதில்லை. குளிர்ந்த, வறண்ட காற்றாக இருந்தால் மூச்சுக்குழாயின் உட்சுவரிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவிடும், குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகும், இருமலும் இளைப்பும் வரும். வைரஸால் ஏற்கெனவே புண்பட்ட குழாய் இதற்கு இன்னும் சுலபமாக இறுகும். ஆஸ்துமா உள்ளவர்களுக்குச் சளியே பெரிய தூண்டுதல். அவர்கள் இந்த நாள்களில் வெளியே பயிற்சி செய்யாமல் இருப்பது நல்லது, நடக்கப் போனாலும் இன்ஹேலர் கையில் இருக்க வேண்டும்.

இதிலிருந்து ஒரு எளிய அளவுகோல் கிடைக்கிறது. வாயை மூடி, மூக்கால் மட்டும் மூச்சு விட்டு எவ்வளவு வேகமாக நடக்க முடிகிறதோ, அதுதான் அன்றைய வேகம். வாய் திறந்தால் வேகத்தைக் குறையுங்கள். மூக்கு முழுவதும் அடைத்திருந்தால், குளிர்காற்றும் புகையும் தூசியும் உள்ள இடத்துக்குப் போகாமல் வீட்டுக்குள்ளேயே நடந்துகொள்ளுங்கள். குளிரில் போயே தீர வேண்டும் என்றால் மெல்லிய துணியால் மூக்கையும் வாயையும் மூடுங்கள். நாம் விடும் மூச்சின் சூடும் ஈரமும் அதில் தங்கி, அடுத்த மூச்சுக் காற்றைப் பக்குவப்படுத்தும். துணி நனைந்து சொதசொதத்தால் மாற்றிவிடுங்கள். காற்றே அசையாத குளிர்ந்த அதிகாலையில் புகை தரையோடு தேங்கி நிற்கும். வெயில் ஏறித் தரை சூடானபின் அது கலையும், அதுவரை பொறுத்திருந்து போகலாம்.

இங்கே ஒரு ஏமாற்றும் உண்டு. நடக்கத் தொடங்கிய சில நிமிடத்தில் மூக்கு பளிச்சென்று திறந்துகொள்ளும். உழைக்கும்போது சுரக்கும் அட்ரினலின் மூக்குச் சதையின் ரத்தக்குழாய்களைச் சுருக்குவதால் அப்படி ஆகிறது. சளி விட்டுவிட்டது என்று நினைத்து வேகம் கூட்டுகிறவர்கள் நிறையப் பேர். நின்ற கொஞ்ச நேரத்தில் அடைப்பு திரும்பிவிடும். திறந்த மூக்கை அனுபவியுங்கள், வேகத்தைத் தொடாதீர்கள்.

நேரம் வழக்கத்தில் பாதி, 15 முதல் 20 நிமிடம் போதும். ஒரே திசையில் தொலைவாகப் போகாமல் வீட்டைச் சுற்றிச் சின்ன வட்டமாக நடந்தால், தலை சுற்றினாலும் உடனே திரும்பிவிடலாம். மூக்கைச் சிந்தும்போது ஒரு பக்கத்தை மூடி மறுபக்கத்தை மெதுவாகச் சிந்துங்கள். இரண்டையும் பிடித்து வேகமாக ஊதினால் அழுத்தம் காதுக்குப் போகும். வந்ததும் வியர்த்த சட்டையை மாற்றிவிடுங்கள். கூட்டாக நடப்பவர்கள் முதல் மூன்று நாளாவது தனியாகப் போங்கள். பிறருக்குத் தொற்றுவது அப்போதுதான் அதிகம். நீச்சலும், மூச்சை அடக்கிக் கனம் தூக்குவதும் இப்போது வேண்டாம்.

மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மூக்கடைப்பு மாத்திரைகளில் உள்ள சூடோஎஃபெட்ரின் நாடியையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றக்கூடியது. குளோர்ஃபெனிரமின் போன்ற பழைய அலர்ஜி மாத்திரைகள் தூக்கம் தரும், வியர்வையையும் குறைக்கலாம். அதைப் போட்டுக்கொண்டு வெயிலில் ஓடினால் உடம்பின் சூடு இறங்க வழி இல்லாமல் போகும்.

காய்ச்சல் வந்து போனவர்கள், மாத்திரை இல்லாமலேயே முழுதாக 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாதிருந்த பிறகு 15 நிமிட நடையோடு தொடங்கலாம். எத்தனை நாள் படுத்தீர்களோ, அத்தனை நாள் எடுத்துக்கொண்டு பழைய அளவுக்கு ஏறுங்கள். ஒரு வாரம் ஓய்வெடுத்தால் சேர்த்துவைத்த தெம்பு போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். கண்ணுக்குத் தெரியும் சரிவு பத்துப் பதினான்கு நாளுக்குப் பிறகுதான் தொடங்கும். நடந்த மறுநாள் காலையில் இருமல் கூடியிருந்தாலோ, நாடி ஏறியிருந்தாலோ, அன்று ஓய்வெடுத்து அடுத்த நாள் மறுபடி எண்ணிப் பாருங்கள்.

நன்றி. வணக்கம்.