எத்தனையாம் தரம்?

வணக்கம் நேயர்களே.

திருகோணமலையில் ஓர் அரச அலுவலகத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இடையில் அந்தப் பதவிக்கு முகாமைத்துவ உதவியாளர் என்று பெயர் மாற்றினார்கள். மேசையும் கோப்பும் அப்படியேதான் இருந்தன. அரச சேவையில் புதுமை பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். புதுமை என்றதும் கணினியும் செயலியும்தான் நினைவுக்கு வரும். நான் கெட்டி அட்டை போட்ட ஒரு சி.ஆர். கொப்பியில் இருந்து தொடங்குகிறேன்.

கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படுவதற்கு முந்திய காலம் அது. மூதூர்ப் பக்கத்து ஆட்கள் பட்டினத்துக்கு வர லாஞ்சில் ஏறிக் குடாவைக் கடக்க வேண்டும். கரையோர வீதியால் வந்தால் ஒவ்வொரு துறையிலும் பாதை என்கிற மிதவைக்காகக் காத்து நிற்க வேண்டும். அப்படி வந்த ஒரு வயதான அம்மா என் மேசைக்கு முன்னால் நின்று, "தம்பி, இது நாலாந்தரம். லாஞ்சுக்காரன் என்னைக் கண்டால் சிரிக்கிறான்" என்றார்.

கோப்பை எடுத்துப் பார்த்தேன். அவரில் ஒரு பிழையும் இல்லை. முதல் தரம் போட்டோ கொப்பி ஒன்று குறைந்திருக்கிறது. இரண்டாம் தரம் ஒப்பமிடும் ஐயா கூட்டத்துக்குப் போயிருக்கிறார். மூன்றாம் தரம் இன்னோர் அலுவலகத்தின் கடிதம் வேண்டும் என்று திருப்பியிருக்கிறோம். அந்த அலுவலகம் எங்களுக்கு அடுத்த கட்டடம்.

அன்றைக்குத்தான் லாச்சியில் கிடந்த கொப்பியை எடுத்தேன். யார் வந்தாலும் முதற்கேள்வி, "எத்தனையாம் தரம்?" பதிலையும், முன்பு ஏன் திருப்பி அனுப்பினோம் என்பதையும் குறித்து வைத்தேன். ஒரு மாதம் போனதும் திருப்பிப் பார்த்தால், தகுதியில்லாமல் திரும்பியவர்கள் மிகக் கொஞ்சம். மற்ற எல்லாம் அந்த அம்மாவின் கதைதான். பெயர்தான் வேறு.

இந்தக் கொப்பியை எங்கள் மேலதிகாரி நல்ல மனதோடு பார்த்தார். என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வாசலில் பலகை வைத்தோம். ஒப்பமிடுபவர் இல்லாத நாளில் யார் ஒப்பமிடுவது என்று ஓர் ஏற்பாடு செய்தோம். பக்கத்துக் கட்டடத்துக் கடிதத்தைப் பியோனையே அனுப்பி எடுப்பித்தோம். ஆட்கள் திரும்பத் திரும்ப வருவது குறைந்தது. பிறகு அந்த ஐயாவுக்கு மாற்றலாகியது. சுவருக்குப் பெயின்ற் அடிக்கக் கழற்றிய பலகை திரும்ப மாட்டப்படவில்லை.

ஏன் என்று யோசித்திருக்கிறேன். என் சேவைக் காலத்தில் பிழையான கடிதம் கொடுத்ததற்கு விளக்கம் கேட்டார்கள், கோப்பு காணாமற் போனதற்குக் கேட்டார்கள். "இவரை ஏன் நாலு தரம் வர வைத்தாய்?" என்று யாரும் யாரிடமும் கேட்டதில்லை. திருப்பி அனுப்புகிறவருக்குச் சேதமில்லை. ஒப்பமிடுகிறவருக்குத்தான் பயம். இந்தக் கணக்கை மாற்றாமல் எத்தனை கணினி வாங்கினாலும் அலைச்சல் அலைச்சல்தான்.

கணினி வேண்டாம் என்று சொல்லவில்லை. 2022 ஜூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? சீனக்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகளை வைத்துக்கொண்டு நாங்கள் இரவிரவாகப் பெற்றோல் வரிசையில் நித்திரை கொண்ட காலம். அந்தக் கியூஆரில் நான் கவனித்தது ஒன்று. அடையாள அட்டை இலக்கத்தோடு வாகன இலக்கத்தையும் செசி இலக்கத்தையும் கொடுத்தால் போதும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவோடு அரசாங்கமே ஒப்பிட்டுக்கொண்டது. கடிதம் கொண்டு வா, பிரதி கொண்டு வா என்று யாரையும் அனுப்பவில்லை. ஸ்மார்ட் போன் இல்லாதவர்கள் கொம்யூனிகேஷன் கடையில் அச்செடுத்து, லெமினேற் பண்ணித் திறப்போடு கொழுவிக்கொண்டார்கள். மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான், ஆனால் அது கிடைக்கும் என்று தெரிந்தது. வரிசை கரைந்தது. அதிலும் குறை இருந்தது. ஆரம்பத்தில் மண்ணெண்ணெய்க்கு நின்ற மீனவர்களுக்கு அந்த முறையில் இடம் இருக்கவில்லை. இலக்கத் தகடு உள்ளதைத்தான் அந்த முறைக்குத் தெரியும்.

அடுத்த வருடம் அஸ்வெசும என்ற அரச நிவாரணத் திட்டம் வந்தது. 22 குறிகாட்டிகளை வைத்துப் புள்ளியிட்டு யாருக்கு உதவி என்று தீர்மானிக்கும் முறை. பெயர்ப் பட்டியல் வந்தபோது நாடு முழுவதும் 9 இலட்சத்துக்கும் மேல் மேன்முறையீடுகள் குவிந்தன. எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை பெயர் இல்லை என்றறிந்து ஏன் என்று கேட்கப் போனாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கும் தெரியவில்லை. "சிஸ்டத்தில் அப்படி வந்திருக்கு." எங்கள் காலத்தில் "ஐயா கூட்டத்துக்குப் போய்விட்டார்" என்போம். ஐயா எப்படியும் ஒருநாள் திரும்பி வருவார்.

ஏன் என்று கேட்பதற்குச் சட்டமே ஒன்று இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. என்னைக் கேட்டால் நான் கண்ட பெரிய புதுமை இதுதான். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுதத் தெரியாவிட்டால் வாயாலே சொல்லலாம், தகவல் அலுவலர்தான் எழுத வேண்டும். விண்ணப்பம் கிடைத்தது என்று எழுத்தில் தர வேண்டும். தருகிறேன், இல்லை என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். அதாவது, கேட்டவர் அலையக்கூடாது, கேட்கப்பட்டவர்தான் நாள் எண்ண வேண்டும்.

2025 பெப்ரவரி 7ஆம் திகதி, அரசாங்கத்துக்குக் கட்டும் காசை இணையத்தில் செலுத்தும் கவ்பே முறையைத் தொடக்கினார்கள். அதைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். அதே நாளில் ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்குப் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம் என்ற ஏற்பாடும் வந்தது. வெருகலில் இருந்து நோயாளியின் கடதாசிக் கட்டோடு கொழும்புக்கு இரவு ரயில் ஏறியவர்களுக்கு எது பெரிதென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சின்ன விசயம் ஒன்று. பிறப்புச் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. பதிவாளர் நாயகம் திணைக்களமே சொன்ன சங்கதி. ஆனாலும் "ஆறு மாதத்துக்குள் எடுத்தது வேண்டும்" என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிறந்தவன் ஆறு மாதத்துக்கு ஒருக்கால் புதிதாகவா பிறக்கிறான்?

சரி, அந்த மூதூர் அம்மாவை விட்டுவிட்டேன். அவரை ஐந்தாம் தரம் வரச் சொல்ல மனம் வரவில்லை. கடிதம் ஆயத்தமானதும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். சில மாதங்கள் கழித்துக் கணக்காய்வு வந்தது. நேரில் கொடுக்க வேண்டிய கடிதத்துக்கு அரச செலவில் முத்திரை ஒட்டியது ஏன் என்று வினா எழுதியிருந்தார்கள். மறுமொழியாகச் சி.ஆர். கொப்பியின் அந்தப் பக்கத்தைப் பிரதியெடுத்து, லாஞ்சுக் கட்டணத்தை ஓரத்தில் எழுதி, நாலால் பெருக்கி அனுப்பினேன். மறுமொழி ஏற்கப்படவில்லை. முத்திரைக் காசை நான்தான் கட்டினேன். அந்தப் பற்றுச்சீட்டு இப்போதும் கொப்பிக்குள் இருக்கிறது.

நன்றி, வணக்கம்.