கவிழாத கப்பல்

நேயர்களுக்கு வணக்கம். பெய்ஜிங் போய்வந்தேன் என்றாலே பெருஞ்சுவர் ஏறினீர்களா என்றுதான் கேட்கிறார்கள். ஏறலாம், தவறில்லை. நான் பேச வந்தது நகரின் வடமேற்கில் இருக்கும் கோடைக்கால அரண்மனையைப் பற்றி. பெயர்தான் அரண்மனை, முக்கால் பங்கு தண்ணீர். குன்மிங் ஏரி என்று பெயர். 1750இல் சியென்லுங் பேரரசர், தாயாரின் அறுபதாம் பிறந்தநாள் வருகிறதென்று இந்தத் தோட்டத்தைத் தொடங்கினார். ஏரியை அகலப்படுத்தித் தோண்டிய மண்ணைக் கரையிலிருந்த குன்றின் மேலேயே போட்டு மேடாக்கினார்கள்.

வடகரையை ஒட்டி 728 மீட்டர் நீளத்துக்கு ஒரு நடைமண்டபம். உத்தரமெல்லாம் ஓவியம். கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பாருங்கள். ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். அதன் மேற்குக் கோடி தாண்டியதும் என் கப்பல் நிற்கிறது. ஆமாம், என் கப்பல். வீட்டில் இந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார்கள், நீங்களாவது கேளுங்கள்.

தண்ணீர்தான் படகைத் தாங்கும், தண்ணீர்தான் கவிழ்க்கவும் செய்யும். படகு அரசன், தண்ணீர் குடிமக்கள். இது சீனத்தின் பழைய வாக்கு. சியென்லுங் என்ன செய்தார்? கவிழவே முடியாதபடி கல்லிலேயே கப்பல் கட்டிவிட்டார்! 1860இல் ஆங்கிலேய, பிரெஞ்சுப் படைகள் தோட்டத்துக்குத் தீ வைத்தபோது மரத்தாலான மேல்தளம் எரிந்தது. கல் அடித்தளம் தப்பியது. 1893இல், அன்றைய பேரரசர் குவாங்சூவின் பெரியம்மாவும் ஆட்சியைக் கையில் வைத்திருந்தவருமான பேரரசி சீஷீ அதன்மேல் மேல்நாட்டுப் பாணியில் இரண்டு அடுக்கு எழுப்பினார். பக்கத்துக்கு ஒன்றாக நீராவிக் கப்பலின் சக்கரம் வேறு. அதுவும் கல்தான், சுற்றாது. சலவைக்கல் கப்பல் என்கிறார்கள். கரையில் நின்று மேலடுக்கை உற்றுப் பாருங்கள்: அது மரம். சலவைக்கல்லின் வரிகளைச் சாயத்தால் தீட்டியிருக்கிறார்கள். கூரையில் விழும் மழைநீர் உள்ளீடற்ற தூண்கள் வழியே இறங்கி, டிராகன் வாயால் ஏரியில் கொட்டும்.

தோட்டத்தைப் புதுப்பிக்கக் கடற்படைக்கான பணமும் போனது. ஏரியில் கடற்படைப் பயிற்சி என்று ஒரு சாக்கு. 1894இல் ஜப்பானுடன் போர் மூண்டது. சீனக் கடற்படை மண்ணைக் கவ்வியது. தோட்டச் செலவு ஒன்றே காரணம் என்பது மிகை. தளபதிகளின் குளறுபடியும் உண்டு. ஆனாலும் மிதக்கும் கப்பலுக்கான பணத்தில் மிதக்காத கப்பல் நின்ற தோட்டத்தைச் செப்பனிட்டார்கள் என்பதை நினைத்தால், எனக்கு இன்றும் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வருகின்றன.

தயாரிப்பாளர் கண்ணாடிக்கு அப்பால் விரல் காட்டுகிறார். இன்னும் இரண்டு இடம் குறித்துவைத்திருந்தேன். கிழக்கு வாசல் பக்கம் யூலான்டாங் மண்டபத்தைத் தவறவிடாதீர்கள். 1898இல் பேரரசர் குவாங்சூ தொடங்கிய ஆட்சிச் சீர்திருத்தம் முறிந்தபின் அவரைச் சீஷீ அடைத்துவைத்த இடம். வெளியே போகாதபடி எழுப்பிய செங்கல் சுவர் அப்படியே இருக்கிறது. பதினேழு கண் பாலத்தை விட்டுவிட்டேன். அதன் கைப்பிடித் தூண்களில் உள்ள கல் சிங்கங்களை எண்ணத் தனியாக ஒரு மணி நேரம் வேண்டும். மெட்ரோவில் நான்காம் தடம், பெய்குங்மென் நிலையம். காலையிலேயே போய்விடுங்கள். வணக்கம்.